ஒரே உதறல்

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் சான்றிதழ் கேட்கிறார்கள். மெத்தையில் துணி விரிப்பதற்குமா? ஹோட்டல் வேலைப் பயிற்சி நிலையத்தில் என் மருமகள் ஜெபராணி இரண்டு தடவை தேறவில்லை. அங்கே எழுத்துப் பரீட்சை கிடையாது, செய்து காட்ட வேண்டும். இன்று மூன்றாவது தடவை. இதிலும் போனால் கடற்கரை ஹோட்டல் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். என் மகன் செத்த பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் அவள்தான் சோறு போட வேண்டும். இந்த நிலையத்துக்காரர்களை நம்ப முடியாது என்று நானும் கூடப் போனேன்.

“ஒரே உதறல்தாம்மா. துணியோட நடு மடிப்பு கட்டிலுக்கு நடுவுல விழணும்” என்றார் தேர்வு அதிகாரி.

“பாயையே கோணலா விரிப்பா சார் இவ” என்றேன்.

“கொஞ்சம் சும்மா இருங்க மாமா.”

உதறினாள். வெள்ளைத் துணி எழும்பி, விழாமல் மேலேயே நின்றது. அவள் கைகளை மெல்லத் தாழ்த்திய பிறகுதான் அது இறங்கியது. ஒரு சுருக்கம் இல்லை. அதிகாரி டேப்பை வைத்து அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. கையெழுத்துப் போட்டார். என் செருப்பு காலில் இல்லை, கையில் இருந்தது. எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.

“ஃபேன் காத்துல நின்னிருக்கும்” என்று சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன். காலையிலிருந்தே கரண்ட் இல்லையாம்.

“இப்ப என்ன சொல்லுதீய மாமா?”

“எங்கேருந்தாவது காத்து வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு நடந்தேன். வாசல் தாண்டியும் செருப்பு கையில்தான் இருந்தது.