சத்தமில்லாத டிஸ்க்

“வேகத்தைப் பத்தி நான் கேட்டேனாம்மா? சத்தம் வருமா வராதா, அதை மட்டும் சொல்லு.”

அச்சகத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்த கையோடு கம்ப்யூட்டர் கடைக்கு வந்திருந்தார் மெஷின்மேன். நகக்கண்ணில் மை அப்படியே இருந்தது. கண்கள் கோவைப் பழமாகச் சிவந்திருந்தன. ஆனால் குரலில் தெம்புக்குக் குறைவில்லை.

“வீட்டு கம்ப்யூட்டர்ல என்ன சத்தம் வருது சார்?” என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

“கறகறன்னு, காதுக்குள்ள எலி சுரண்டுற மாதிரி. ஒரு வாரமா பகல்ல கண்ணை மூட முடியல. ஹார்ட் டிஸ்க் தேஞ்சு போச்சுன்னு நானே கண்டுபிடிச்சேன். மெஷினோடயே குப்பை கொட்டினவன்மா நான். சத்தத்தை வெச்சே எந்தப் பாகம் போச்சுன்னு சொல்லிடுவேன்.”

“அவ்வளவு பெரிய அச்சு மெஷின் பக்கத்துல நிக்கறீங்க. இதெல்லாம் ஒரு சத்தமா சார்?”

“அது சம்பளம் குடுக்கிற சத்தம். தாலாட்டு மாதிரி இருக்கும். இது வேற.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “கம்ப்யூட்டர்ல வேலை செய்யறது யாரு?”

“எங்க வீட்டம்மா. ஸ்டூடியோக்காரர் அனுப்புற கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக் குடுப்பா. டிஸ்க் ஆமை மாதிரி நகருது, ஒரு நாள் வேலை மூணு நாள் இழுக்குது, இப்படியே போனா வேற ஆளைப் பார்த்துக்கறேன்னு ஸ்டூடியோக்காரர் சொல்லிட்டார், புது டிஸ்க் வாங்கிக் குடுங்கன்னு கரடியா கத்தினா. பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்லிட்டேன்.”

“பாவம் சார் அக்கா.”

“ஓடுற பொருளை எதுக்கு மாத்தணும்? இப்போ என் தூக்கத்துக்கே உலை வெச்சிடுச்சு. அதான் ஓடி வந்தேன்.”

மனைவியின் வேலை கெட்டால் அது அவள் பொறுமைக்கு வந்த சோதனை. தன் தூக்கம் கெட்டால் அது குடும்பத்துக்கே வந்த ஆபத்து. மெஷின்மேனின் கணக்கு இவ்வளவுதான். இதைச் சொல்ல அவருக்குக் கூச்சமும் இல்லை.

அவள் அலமாரியிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து வைத்தாள். “இது விலை குறைவு. ஆனா உள்ளே தட்டு சுத்தும். இன்னைக்கு இல்லைன்னாலும் ஒரு நாள் முனகும்.”

அவர் அதை விரலால் தள்ளி வைத்தார்.

மேசைக்கு அடியில் தனியாக இருந்த இன்னொரு பெட்டியை எடுத்தாள். “இதுல சுத்துற சாமானே கிடையாது. எல்லாம் சில்லுதான். காதை ஒட்ட வெச்சாலும் ஒண்ணும் கேக்காது. நிறைய இடம் இருக்கிறதை எடுத்தாதான் விலை ஏறும். வீட்டுக்கு இந்த நடுத்தரம் போதும். வேகமும் பழசைவிடப் பல மடங்கு.”

“பார்த்தியா! வேகத்துக்குன்னு தனியா காசு கேப்பே.”

“இல்ல சார், இந்த ரகமே அப்படித்தான். வேகம் கொசுறு.”

கொசுறு என்ற சொல் அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. “வீட்டுக்கு வந்து மாட்டிக் குடுக்கிறதும் கொசுறுதானே?” என்றார். அவள் கொஞ்சம் யோசிப்பதுபோல் யோசித்துத் தலையாட்டினாள்.

வெற்றிக் களிப்பில் சட்டைப்பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துக் காட்டினார். பாதியாகக் கிழிந்திருந்தது. “ஃப்ரிட்ஜ் மேல கிடந்துச்சு. உங்க போன் நம்பர் இருக்கிற பாதி. இதை வெச்சே கடையைப் பிடிச்சேன். நம்ம கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது.”

வீட்டில் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தாள். “ஏங்க, ஒரு வார்த்தை சொல்லாம வாங்கிட்டு வந்துட்டீங்களே!”

“வீட்டுக்கு எது தேவைன்னு எனக்குத் தெரியாதா? விலை கையைக் கடிக்கல, சத்தம் இல்ல, வேகமும் இருக்கு. மூணையும் ஒண்ணா பார்த்து வாங்க எல்லாராலயும் முடியாது.”

“உங்களால மட்டும்தான் முடியும்” என்றாள் மனைவி. அவள் அப்படிச் சொல்லிக் கேட்டு நாளாகியிருந்தது. அவருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது.

கடைக்காரப் பெண் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து டிஸ்க்கை மாற்றி, பழையதில் இருந்ததையெல்லாம் புதியதில் ஏற்றினாள். அதற்குள் மெஷின்மேன் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தார். ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் மேல் காதை வைத்துப் பார்த்தார். கறகறவும் இல்லை, ஒன்றும் இல்லை.

திரையில் கல்யாண ஊர்வலம் எங்கும் திக்காமல் திணறாமல் நடந்துபோனது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “மூணு நாள் வேலைங்க. இன்னைக்குச் சாயங்காலமே குடுத்துடுவேன். ஸ்டூடியோக்காரர் இனி வேற ஆளைத் தேட மாட்டார்.”

“எல்லாம் நான் பார்த்து வாங்கினது” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார் மெஷின்மேன். சற்று நேரத்தில் அவருடைய குறட்டை வீட்டை நிறைத்தது.

கடைக்காரப் பெண் அந்த அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். “போன வாரம் நீங்க எடுத்து வைக்கச் சொன்ன டிஸ்க்கையேதான் சார் தேர்ந்தெடுத்தார் அக்கா” என்று சொல்லி, மூடியிருந்த கையை விரித்தாள். விசிட்டிங் கார்டின் இன்னொரு பாதி, ஓரமெல்லாம் தேய்ந்து நார்நாராக இருந்தது. “பெட்டிக்குள்ள ஃபேன்ல இடுக்கி வெச்சிருந்தீங்களே, இதைத் தூக்கிப் போட்டுடவா?”

“ஐயோ, வேண்டாம்மா!” என்று வாங்கி மேசை டிராயரில் பத்திரப்படுத்தினாள் மனைவி. “அடுத்த வருஷம் புது கம்ப்யூட்டர் வாங்கணுமே.”