நாளுக்கு நானூறு லிட்டர்

மங்கையர்க்கரசி தனியாக இருந்தாள். அவள் வீட்டிலிருந்து நாளுக்கு அறுபது லிட்டர் கழிவுநீர்தான் போனது. நகராட்சிக்கு அது போதவில்லை. அரசுக் கடன் வாங்கிப் பெரிதாக்கிய சுத்திகரிப்பு நிலையம் நிரம்பி ஓடினால்தான் வட்டியில் சலுகை. அதனால் வீட்டுக்கு நானூறு லிட்டர் என்று விதி போட்டிருந்தார்கள்.

"குழாயத் திறந்து விட்டாப் போச்சு," என்றாள், சோதிக்க வந்த ஆய்வாளர் பெருமாள்சாமியிடம்.

"நல்ல தண்ணிய மீட்டர் கண்டுபிடிச்சிரும்மா. குளிச்ச தண்ணி, தொவச்ச தண்ணியாத்தான் இருக்கணும். இல்லேன்னா இணைப்ப வெட்டிருவாங்க."

எதிர்வீடு தங்கை பவளத்தினுடையது. அங்கே ஏழு பேருக்கு ஒரே குளியலறை. கழிவுநீர் தேவைக்கு இருமடங்கு ஓடியது. ஆனால் ஒரு கல்யாணப் பந்தியில் கிளம்பிய சண்டையில், அக்காளும் தங்கையும் பேசி நாலு வருடம் ஆகியிருந்தது.

இரண்டு நாள் மங்கை திரைச்சீலை, மெத்தையுறை என்று சுத்தமாக இருந்தவற்றையெல்லாம் துவைத்துப் பார்த்தாள். நூற்றைம்பதைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் காலை தெருவைக் கடந்து போய் நின்றாள்.

"பவளம், பிள்ளைகள எங்க வீட்டுக்குக் குளிக்க அனுப்பு. நகராட்சி உத்தரவு."

பவளம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சீயக்காய் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நானும் வாரேன்."

மறுமாதம் ஆய்வாளர் வந்தபோது மீட்டர் நானூற்றிருபது காட்டியது. குளியலறையில் யாரோ பாடினார்கள்; அடுப்படியில் பவளம் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"கடன் தீர இன்னும் எத்தன வருசம் இருக்கு?" என்று மங்கை மெல்லக் கேட்டாள்.

"பதினெட்டு. அப்புறம் இந்தத் தொல்லை இருக்காதும்மா."

"தீர்றதுக்கு முன்னாடியே இன்னொரு கடனுக்கு எழுதிப் போட்டுருங்க," என்றாள் அவள்.