கிறீம் கடைசியில்தான்

திரை மறுபடியும் விலகியது. லத்தீப் நானாவின் தலை உள்ளே வந்தது.

நான் வெளியே கிடந்த பிளாஸ்டிக் கதிரையைக் காட்டினேன். தலை போய்விட்டது.

லேடீஸ் சலூனுக்குள் ஆம்பிளை வரக் கூடாது. எங்கள் முந்தல் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஊரூராகப் போய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் பெண் பிடிக்கும் இந்த ஏஜென்டுக்கு மட்டும் வாரா வாரம் மறந்துபோகும்.

பஹ்மிதா என் முன்னால் இருந்து இரண்டு கைகளையும் வெந்நீர்ச் சட்டியில் ஊறவைத்திருந்தாள்.

உப்பளத்துக் கை. உப்பை வாரி வாரி விரல் நுனியெல்லாம் தேய்ந்திருந்தது. கொழும்பில் விசாவுக்கு விரல் வைக்கப் போனபோது மெஷினில் ஒரு ரேகையும் விழவில்லை. அடுத்த நாளே லத்தீப் நானா அவளை இங்கே கூட்டிவந்துவிட்டார்.

"பாவம், புள்ளைட கையப் பாருங்க தங்கச்சி. எனக்கு நெஞ்சு பொறுக்குதில்ல" என்றார்.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை.

அவர் கண் அன்றைக்கே கண்ணாடி அலுமாரியில் இருந்த ஷியா பட்டர் டப்பாவில் விழுந்தது. ஆபிரிக்காவில் ஏதோ மரத்துக் கொட்டையிலிருந்து எடுக்கிற கொழுப்பாம். அது கலந்த கைக் கிறீம். ஆலங்குடா ஹோட்டலில் வெள்ளைக்காரிகளுக்குக் கை பிடித்துவிட்ட காலத்தில் நான் பழகியது. விலையைச் சொன்னேன். விலை கூடிய சாமான் என்றால் வேலை செய்யும் என்பது அவர் நம்பிக்கை. மறு பேச்சில்லாமல் காசை வைத்தார்.

அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு தரம் வருகிறார்கள். அதற்குப் பிறகும் இரண்டு தரம் கொழும்புக்குப் போனார்கள். இரண்டு தரமும் ரேகை விழவில்லை.

அவர் வைத்திருக்கும் பிறப்புப் பத்திரத்தில் இவளுக்கு இருபத்தைந்து வயது. எந்தப் புண்ணியவதியின் பத்திரமோ. முகத்துக்கு எதையும் பூசி யாரையும் ஏமாற்றலாம். புறங்கையை வைத்து என்னை ஏமாற்ற முடியாது. இந்தக் கைக்குப் பதினாறு வயது.

இவளுடைய வாப்பாவிடம் போய்ச் சொல்லலாம்தான். அந்த மனிதர் லத்தீப் நானாவின் முற்பணத்தில் தோணிக்கு எஞ்சின் வாங்கிப் பூட்டிவிட்டார். நல்ல எஞ்சின் என்று சந்தியில் நின்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

"தங்கச்சி, திங்கக்கிழமதான் கடைசி." திரைக்கு வெளியே இருந்து குரல் வந்தது. "அதிலயும் விழல்லெண்டா எனக்கு ஏலா. எஞ்சினக் கழட்டி எடுத்துட்டு வேற புள்ளயத்தான் பாக்கணும்."

பஹ்மிதா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"இண்டைக்கு நல்லா செஞ்சு உடுறன் நானா" என்றேன்.

டப்பாவிலிருந்து கொஞ்சம் கிறீமை ஒரு மூடியில் வழித்துத் திரைக்கு அடியால் நீட்டினேன். சும்மா இருக்கிற மனிதர் பூசிக்கொள்ளட்டும். அவருடைய கை எப்போதும் பூப்போலத்தான் இருக்கும். பத்து விரலிலும் ரேகை பளிச்சென்று விழும்.

அவர் தேய்த்துத் தேய்த்து மோந்து பார்ப்பது எனக்குக் கேட்டது.

உப்பளத்தை விட்டு இரண்டு மூன்று கிழமை வீட்டில் இருந்தால் போதும், ரேகை தன்பாட்டில் வளர்ந்துவிடும். ஷியா பட்டரும் வேண்டாம், தேங்காயெண்ணெயும் வேண்டாம். ஒரு நாளாவது கையால் உழைத்திருந்தால் இது லத்தீப் நானாவுக்குத் தெரிந்திருக்கும்.

பஹ்மிதாவின் கையைச் சட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தேன். பெருவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். போன கிழமைக்குப் பிறகு மெல்லிசாக நாலைந்து கோடுகள் முளைத்திருந்தன.

முதல் நாள் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ரேகை விழாவிட்டால் அனுப்ப மாட்டார்களா என்று கேட்டாள். கேட்கும்போது பயந்து திரையைப் பார்த்தாள்.

வழக்கம்போலக் குதிகால் தேய்க்கிற கல்லை எடுத்தேன். இன்றைக்கு முரட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

பெருவிரல். சுட்டுவிரல். நடுவிரல். கோடு போகும்வரை தேய்த்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்தது, கையை இழுக்கவில்லை.

"என்ன தங்கச்சி அது, பறபறண்டு?"

"பழைய தோல் எடுக்கிறன் நானா."

"எடுங்க, எடுங்க. வடிவா எடுங்க."

சின்னி விரலில் சிவந்து ஒரு துளி இரத்தம் பொடித்தது. நான் கல்லை வைத்துவிட்டேன். பஹ்மிதா தன் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பெருவிரலை மறுபடி என்னிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம், ராத்தா."

இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.

கிறீமைக் கடைசியில்தான் பூசினேன். எரிச்சலுக்கு அது நல்லது.

திரையை விலக்கியபோது லத்தீப் நானா எழுந்து அவளது கையைப் பார்த்தார். தொட்டுப் பார்க்கவில்லை, அந்த ஒழுக்கம் அவருக்கு உண்டு. மினுங்கிய விரல்களைக் கண்டு அவருக்குப் பெரிய சந்தோசம்.

"நானா, வேற புள்ளயப் பாத்தாலும் மொதல்ல இங்க கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"வேற எங்க போற, ஒங்களிட்டத்தான்" என்றார், தன் கையை மோந்து பார்த்துக்கொண்டே.