நெடியில்லாத பெயிண்ட்

ஜப்பானின் ஷிசுவோக்கா நகரில், ஒட்டிச் செய்யும் மாடல் வண்டிகள் விற்கும் அந்தக் கடையில், இரண்டு பெயிண்ட் புட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு சுகியாமா மாறி மாறிப் பார்த்தார். தூக்கமில்லாத கண்கள்.

“ஏர்பிரஷ்ல அடிக்கத்தானே? தண்ணியில கரையுறதை எடுத்துக்கோங்க. நெடியே இருக்காது,” என்றார் கடைக்காரர் மொச்சிசுகி. “லாக்கர் பெயிண்ட் நாத்தம் தாங்காமத்தானே வீட்டம்மா உங்களை பால்கனிக்குத் துரத்தினாங்க?”

“அதுவும் ஜனவரிக் குளிர்ல.”

“அப்புறம் என்ன யோசனை?”

சுகியாமா லாக்கர் புட்டியை நீட்டினார். “இதைவிட நெடி தூக்கலா ஏதாவது இருக்கா?”

“பீரங்கி வண்டியா ஒட்டி ஒட்டி, வீட்டுலயும் போரை ஆரம்பிச்சிட்டீங்களா?”

சுகியாமா சிரிக்கவில்லை. புட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

“காய்ச்சல் வந்துட்டுப் போனதுலேர்ந்து அவளுக்கு எந்த வாசனையும் தெரியல. பழகின வாசனையா தினமும் காட்டச் சொன்னார் டாக்டர். காப்பி, மீன் வறுவல், புளிச்ச சோயா நாட்டோன்னு நாலு மாசமா எல்லாம் காட்டியாச்சு. இன்னைக்கு அவ பக்கத்துலயே உக்காந்து இதைத் திறக்கப்போறேன்.”

“திறந்து?”

“கத்துறாளான்னு பாக்கணும்.”