பிடிபட்ட புறா பற்றிய அறிவிப்பு

அறிவிப்பைப் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் முந்நூறு பேர் திட்டித் தீர்த்திருந்தார்கள்.

இனாஸ் அப்படி ஒன்றும் தப்பாக எழுதிவிடவில்லை. கெய்ரோவில் புறா வளர்ப்பவர்கள் எல்லாரும் கூடிப் பேசுகிற இணையதளம் அவளுடையது. 'அடுத்தவர் புறா உங்கள் மாடியில் சிக்கினால், ஒரு நாளைக்குள் அதன் படத்தையும் கால் வளைய எண்ணையும் தளத்தில் போட வேண்டும். உரியவர் வந்து வாங்கிக்கொள்வார். சனிக்கிழமை முதல் இது கட்டாயம்.' இவ்வளவுதான் விஷயம்.

ஆனால் சிக்கிய புறா பிடித்தவனுக்கே சொந்தம் என்பது அந்த மாடிகளில் காலங்காலமாக உள்ள வழக்கம். அதில் போய்க் கை வைத்தால் சும்மா விடுவார்களா?

"யார் ரொம்பக் கத்தறது?" என்றான் கணவன் முராத். தளத்தைப் பழுது பார்க்கிற வேலையெல்லாம் அவன் பொறுப்பு.

"வேற யாரு? இம்பாபா பேட்டை ஹாஜி பய்யூமிதான். கேளு. 'என் மாடியில எறங்கினது எனக்கு. வானத்துக்குச் சட்டம் போட நீ யாரு பொண்ணே? உன் தீவனக் கடையில சோளம் நிறுக்கிற வேலையைப் பாரு.'"

"நிறுவையும் சரியில்லைன்னு சொல்லாம விட்டாரே, சந்தோஷப்படு."

"சிரிக்காதே. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமைக்குள்ள அறிவிப்பை எடுக்கலேன்னா, இருநூறு பேரைக் கூட்டிக்கிட்டு வெளியே போயிடுவாராம்."

முராத்தின் சிரிப்பு நின்றது. இருநூறு பேர் போனால், அவர்கள் பின்னாலேயே மிச்சப் பேரும் போய்விடுவார்கள். கடையையும் பார்த்துக்கொண்டு ஆறு வருஷமாக அவள் வளர்த்த தளம் அது.

"பேசாம எடுத்துடேன், இனாஸ்."

"மாட்டேன். அந்த பஸ் டிரைவர் ஃபிக்ரி மாதிரி ஆளுங்க புறாவைப் பெத்த பிள்ளையாட்டம் வளர்க்கிறாங்க. இவரு தன் புறாக் கூட்டத்தை ஏவிவிட்டு, விசிலடிச்சு, அதை எறக்கி அமுக்கிக்குவாரா? அவர் மாடியில எத்தனை பேரோட புறா இருக்குன்னு நானே நேர்ல போய்ப் படம் பிடிச்சுப் போடறேன். அப்புறம் அவர் பின்னால யார் போறாங்கன்னு பார்ப்போம்."

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் கிளம்பினாள். ஹாஜியின் வீடு ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறி, போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக் கதவைத் தள்ளினாள்.

ஹாஜி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். கையில் ஒரு சாம்பல் நிறப் புறா. அதைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார்.

"கழுதை. இது நாலாவது தடவை. கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? நேரா வீட்டுக்குப் போ. வழியில வேற எவன் மாடியிலயும் எறங்கித் தொலைக்காதே."

கையை வீசிப் பறக்கவிட்டார். புறா ஒரு வட்டமடித்துவிட்டு நைல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனது.

"ஹாஜியாரே, அது யாரோட புறா?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "நீயா? கதவைத் தட்டிட்டு வரத் தெரியாதா உனக்கு?"

"யாரோடதுன்னு கேட்டேன்."

"ஃபிக்ரியோடது" என்றார், திருடி மாட்டிக்கொண்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு.

இனாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. "பிடிச்சது எனக்குத்தான்னு அந்தக் கத்து கத்தினீங்க. இங்கே பறக்க விடறீங்க. நானும் இதைத்தானே சொல்றேன்?"

"நீ எங்கே இதைச் சொன்னே? படத்தோட போடச் சொல்றே." அவருக்குக் கோபம் திரும்பிவிட்டது. "போட்டா ஃபிக்ரி புறா சிக்கிடுச்சுன்னு ஊரே பார்க்கும். காப்பிக் கடையில அவன் தலை நிமிர முடியுமா? என் வாசல்ல வந்து கையேந்தி வேற நிக்கணும். இப்போ பாரு, அது தானா வீடு வந்துடுச்சுன்னு நினைப்பான். 'என் சிங்கம் எவன் விசிலுக்கும் மயங்கலை'ன்னு உன் தளத்துலயே எழுதுவான்."

"மூணு தடவை எழுதிட்டான்" என்றாள் இனாஸ்.

"சிங்கமாம்" என்று ஹாஜி தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"நீங்க மட்டும்தான் இப்படியா?"

"கத்தின முந்நூறு பேர்ல பாதிப் பேர் இதே வேலைதான் பண்றாங்க. ஒருத்தனும் வெளியே சொல்லிக்க மாட்டான்."

இனாஸுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷம் தாங்கவும் முடியவில்லை. படம் பிடிக்கக் கொண்டுவந்த போனைப் பார்த்தாள்.

"அறிவிப்பை எடுத்துடறேன், ஹாஜியாரே. ஆனா எதை மாத்தினாலும் காரணம் சொல்லுங்கன்னு உறுப்பினர்கள் கேப்பாங்க. என்னன்னு எழுத?"

ஹாஜி தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு அவர் சொல்லச் சொல்ல, ஒரு எழுத்தும் மாற்றாமல் இனாஸ் தட்டினாள்:

'புதிய விதி ரத்து. காரணம்: ஹாஜி பய்யூமி என்கிற பேராசைக்காரர், பிடித்த புறாவைச் செத்தாலும் திருப்பித் தர மாட்டேன் என்று மிரட்டுகிறார்.'