உள்ளங்கையில் பட்ட எழுத்து

ரயிலில் எதிரே இருந்த வங்காளப் பெண் மடிக்குழந்தைக்கு மெய்யெழுத்துகளைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் நான்கும் என் காதுக்கு ஒரே ‘க’தான். பிறவியிலேயே காது கேளாத என் மகள் அல்லி, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளப் போன கையை அந்தப் பெண்ணின் வாயருகே அப்படியே நிறுத்திவிட்டாள். இரண்டாவது எழுத்துக்கும் நான்காவதற்கும் மூச்சுக்காற்று உள்ளங்கையில் வந்து மோத, அல்லியின் உடம்பே சிலிர்த்தது. அந்தப் பெண் புரிந்துகொண்டு, சிரித்தபடி திரும்பத் திரும்பச் சொன்னாள். பேச்சு இப்படித் தொடும் என்று அல்லிக்கு யார் சொல்லியிருக்கிறோம்? கண்கள் பளபளக்க என் பக்கம் திரும்பி, அதே கையை என் வாய்க்கு நேரே பிடித்தாள்.

“ஏங்க, புள்ளகிட்ட ஏதாவது பேசுங்க” என்றாள் மனைவி.

“அல்லி” என்றேன். மறுபடியும், “அல்லி.”

அந்தப் பெயரில் உள்ளங்கையில் மோதும் மூச்சில்லை; கை விலகாமல் காத்திருந்தது.