மூணு சுத்து நடக்கலாமா?

"எலும்புக்குப் போயிருச்சுன்னா சொல்றீக, டாக்டர்?"

சந்திரலேகா அதைக் கேட்ட விதம் கார்த்திகேய சிவத்துக்குப் புதிதாக இருந்தது. காரைக்குடிக்கு அவர் வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் இந்த அறையில் எத்தனையோ பேர் கதறி அழுததைப் பார்த்துவிட்டார். இந்த அம்மாவோ அரைத்தூக்கத்தில் கேட்பதுபோல் கேட்டாள்.

வெளியே தூறல். வேப்பமரம் சத்தமில்லாமல் நனைந்துகொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வலிக்குப் போட்ட ஊசியின் மயக்கத்தில் முத்தரசு உறங்கிக்கொண்டிருந்தார். கனவில் நல்ல இடம் எதற்கோ போய்விட்டவர் மாதிரி உதட்டோரம் லேசான சிரிப்பு.

"ஆமாம்மா. புராஸ்டேட்ல வந்த புற்று, ரத்தத்தோட போயி முதுகெலும்புலயும் இடுப்புலயும் தங்கிருச்சு. விதை அங்கேயிருந்து வந்ததுதான். எலும்பு அதுக்குத் தோதான மண்ணு."

"பிடுங்கிப் போட முடியாதா?"

"அடியோட முடியாது. அடக்கி வைக்கலாம். ஊசி இருக்கு. எலும்பு ஒடியாம இருக்க மருந்து இருக்கு. வலி கூடுனா மதுரையில ரேடியேஷன் கொடுக்கலாம்."

"எம்புட்டு நாளைக்கு?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"எலும்புக்கு வந்துட்டா ஆயுசு குறையும், அது நிசம். சிலருக்கு ஒரு வருசம் போறதே பெரிசு. சிலரு பல வருசம் நல்லாவே இருக்காங்க. இவருக்கு இவ்வளவுதான்னு என்னால சொல்ல முடியாதும்மா."

அவள் தலையாட்டினாள். பார்வை தூறலுக்குள் எங்கோ மிதந்தது.

"ஒரு மணி நேரம் உக்காந்திருக்கலாமா?"

"நாற்காலியில, முதுகுக்குச் சாய்மானம் வச்சு உக்காரலாம். தரையில வேண்டாம்."

"மெதுவா மூணு சுத்து நடக்கலாமா?"

கோயில் வேண்டுதல் போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். "நடக்கலாம். யாராவது கையைப் பிடிச்சுக்கணும். விழுந்துறக் கூடாது."

"நான் பிடிச்சுக்கிறேன். ரெண்டு கையையும் கழுத்து உசரத்துக்குத் தூக்கலாமா?"

சட்டை மாட்டிவிடுகிற கவலை போலும். "தூக்கலாம். தோளுக்கு ஒண்ணும் வரலை."

அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க டாக்டருக்குச் சங்கடமாக இருந்தது. நாம் சொன்னது விளங்கவில்லையோ?

"அவருக்கு விசயம் தெரியுமாம்மா?"

"அவராவே ஊகிச்சுட்டாருங்க. போன வாரத்துலேர்ந்து ஒரே சிடுசிடுப்பு. இங்குட்டு வராத, உன் பாட்டைப் பாத்துக்கிட்டுப் போங்கிறாரு."

"வலி அப்படிப் பேசவைக்கும். கட்டுன பொண்டாட்டிகிட்டதானே அந்தக் கோபத்தைக் காட்ட முடியும்? மனசுல வச்சுக்காதீங்க."

அவள் நெற்றியில் விழுந்த நரைமுடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டு, உறங்குகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறைக்குள்ளும் தூறல் விழுவதுபோல் இருந்தது டாக்டருக்கு. ஆறுதலாக ஏதாவது பேசவேண்டுமென்று கேட்டார்:

"உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருசமாச்சும்மா?"

"தை மாசம் வச்சுக்கிறலாம்னுதான் பேசியிருந்தோம் டாக்டர்" என்றாள் சந்திரலேகா. "நீங்க சொன்னதைக் கேட்டப்பெறகு, வர்ற வெள்ளிக்கிழமையே அரியக்குடி கோயில்ல வச்சுத் தாலியைக் கட்டச் சொல்லிரலாம்னு இருக்கேன்."